மஞ்சள் பைக்கு ஒரு வெள்ளைத் தாள்

குவைத்தில் பத்து வருடம் கார் ஓட்டிவிட்டு வந்து சித்தூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை திறந்தவர் எங்கள் முதலாளி. மையைத் தொடமாட்டார், கையெல்லாம் சென்ட் மணக்கும். தொழில் தெரியாவிட்டால் போகட்டும், தெரிந்தவன் சொன்னால் காதிலாவது வாங்கலாம். அந்த வழக்கமும் அவரிடம் கிடையாது.

நான் குடிபாலாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அவருடைய கம்ப்யூட்டரில் டிசைன் வேலை பார்த்தேன். திருப்பதியில் பிளாட்பாரத்தில் வாங்கிய திருட்டு சிடியைப் போட்டுவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் 'ஒரிஜினல் சாஃப்ட்வேர்' என்று பீற்றிக்கொள்வார். அது வைரஸ் பிடித்துப் படுத்த பிறகு, இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை நான் இன்டர்நெட் சென்டரில் இறக்கி வந்து போட்டேன்.

"சும்மா குடுக்கறதுல இன்னா இருக்கப் போவுது?" என்றார்.

அதில் வேண்டியதெல்லாம் இருந்தது. ஒரு போட்டோவை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கறுப்புப் புள்ளிகளாக்கித் தாளில் எடுப்பேன். தாளில் தேங்காய் எண்ணெய் தடவினால் வெளிச்சம் ஊடுருவும். அதை வைத்துத்தான் மை இறங்குகிற வலைத்துணிச் சட்டத்தை, அதாவது ஸ்கிரீனை, செய்வோம். நாலு ஸ்கிரீன், நாலு மை, ஒன்றன்மேல் ஒன்று.

நகரியில் பவர்லூம் ஓட்டுகிற ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை கேட்டு வந்தார். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பையில் பெண், மாப்பிள்ளை போட்டோ இருக்கவேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்களாம். கல்யாணம் திருப்பதியில். "அவங்க கொறை சொல்லக் கூடாது தம்பி, அவ்ளோதான்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். போட்டோவில் பெண் நீலப் புடவை கட்டியிருந்தாள்.

பையோ மஞ்சள். மஞ்சள் துணியில் நீலத்தை அடித்தால் பச்சையாகிவிடும். பல்லும் கண்ணும் மஞ்சளாகிவிடும். முதலில் வெள்ளையை அடித்து, அதன்மேல்தான் மற்ற நிறங்களை அடிக்கவேண்டும். அந்த வெள்ளைக்கான ஐந்தாவது தாளையும் தயார்செய்து முதலாளியிடம் காட்டினேன்.

"வெள்ளையெல்லாம் ஒரு கலரா?" என்று சிரித்தார். "பையே மஞ்சளாத்தான கீது. மஞ்ச ஸ்கிரீன்கூட வேணாம். மூணு சாலு, போதும்."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. நாலு பேர் முன்னால் அந்த ஆள் மூக்குடைபடவேண்டும், அதை நான் நின்று வேடிக்கை பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. வெள்ளைக்கான தாளை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, மூன்று தாள்களை மட்டும் ஸ்கிரீன் செய்யக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் அப்பா தன் மச்சானோடு பைகளை எடுத்துப்போக வந்தார். ஒன்றை விரித்துப் பார்த்தார். மகள் பச்சைப் புடவையில், காமாலை கண்ட முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பார்க்க ஆசைப்பட்டது இதை அல்ல.

"ஓசி சாஃப்ட்வேருங்க, இப்டித்தான் வரும்" என்று முதலாளி என்னைக் கைகாட்டினார். "இவன்தான் கொண்ணாந்து போட்டான்."

டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினால் போதும், முதலாளியின் முகம் செத்துப்போகும். ஆனால் தெரிந்தும் ஏன் விட்டாய் என்று அடுத்த கேள்வி எனக்கு வரும்.

"மஞ்சத் துணில இப்டி ஆவும்னு உனுக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"தெரியாதுண்ணா" என்றேன்.

நம்பிவிட்டார். விடிந்தால் முகூர்த்தம், வேறு பை அடிக்க நேரமில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது மச்சானிடம் சொன்னார்:

"ரெண்டு பேருக்குமே தொழில் தெர்ல. இவங்ககிட்ட வந்தது நம்ம தப்பு."