படிக்காமலே புகழ்ந்த நாவல்

உத்திரமேரூர் பிரவுசிங் சென்டரில் சனிக்கிழமைதோறும் ஓர் இணைய வாசகர் குழுவைப் பார்ப்பேன். அங்கே ஒரு நாவலை ஆளாளுக்கு ‘மண்வாசனை’ என்று கொண்டாடினார்கள். நம்பி வரவழைத்தேன். புரட்டிக்கூடப் பார்க்காமல், எங்கள் மானாம்பதி பள்ளி ஆண்டு விழாவில் அதிலிருந்து வாசிப்பதாகவும் சொல்லிவிட்டேன்.

நல்லவேளை, எந்தப் பகுதியை வாசிக்கலாம் என்று கேட்டு, உடன் வேலை செய்யும் செல்வி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் ஊர்க்கோடி இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். மறுநாள் புத்தகத்தை என் மேஜையில் போட்டார்.

“இன்னாக்கா இது? எங்க ஜனங்க எலி புடிக்கிறத எழுதி, நாத்தம் புடிச்சவங்கன்னு பக்கத்துக்குப் பக்கம் சிரிச்சிக்கினு கீறான். முன்வரிசைல எங்க புள்ளைங்க உக்காந்துகினு இருக்கும். அதுங்க எதிர்ல இதையா படிக்கப் போறீங்க?”

அப்புறம்தான் படித்தேன். மண்வாசனையாம்! விழாவில் அதை வாசிப்பதில்லை என்று அன்றே சொல்லிவிட்டேன்.

“இதை முழுசாகப் படித்தவர் யார்?” என்று குழுவில் கேட்டேன். ஒருவருமில்லை. முதலில் புகழ்ந்தவரே, “பின்னட்டையைப் பார்த்து எழுதினேன் மேடம், இதுக்குப் போய் டென்ஷன் ஆகறீங்களே” என்று பதில் போட்டார். த்தூ!

இப்போதெல்லாம் யார் எந்தப் புத்தகத்தைப் புகழ்ந்தாலும், “அதில் எந்த இடம் உங்களுக்குப் பிடித்தது?” என்று கேட்கிறேன். பாதிப் பேர் அத்தோடு காணாமல் போகிறார்கள். போய்த் தொலையட்டும்.