கடைசிப் பாத்தியின் முறை

மருதனார்மடத்துப் பக்கம் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் ஈரம் அளக்கும் கருவிகளைப் பதித்த ஆய்வாளர், அகலத் தொப்பியோடு வரும் மெலிந்த பெண். எப்போது வந்தாலும் முதலில் கடைசிப் பாத்திக்கே போவார். கருவிகளில் பற்றரி இல்லை. கிணற்றடிக் கம்பம் காற்றில் அனுப்பும் அலையே அவற்றுக்கு மின்சாரம். கம்பத்துக்குச் செய்தி சொல்ல ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து நேரம் ஒதுக்கியிருந்தார்; தூரத்துக் கடைசிப் பாத்திக்குத்தான் அதிக நேரம்.

“கம்பத்துக்குக் கிட்ட நிக்கிறதுக்குக் கூடின நேரம் குடுத்தால் கனக்கச் செய்தி வருமே, பிள்ளை?” என்றேன்.

“ஓம் ஐயா, வரும். எல்லாம் கிணத்தடிச் செய்திதான். தூர நிக்கிறதுக்குக் கிடைக்கிற சக்தியும் குறைவு, கத்தவேண்டிய தூரமும் அதிகம். அதாலைதான் அதுக்குக் கூடின நேரம். மொத்தம் குறைஞ்சால் குறையட்டும்.”

அடுத்த கிழமை, மண் காய்கிறது என்று முதலில் சொன்னது கடைசிப் பாத்திதான். வெங்காயம் வாடுமுன் இறைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் அவர் முன்வரிசை வாங்கில் இருந்தாரோ, கடைசி வரிசை வாங்கில் இருந்தாரோ, நான் கேட்கவில்லை.