மூத்த மாப்பிள்ளை போட்ட ஓட்டை

என் மூத்த மாப்பிள்ளையை யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான் என்று சொன்னால் மகள் சண்டைக்கு வருவாள், வரட்டும். கடலுக்கு அடியில் நீந்தப் போகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்று சிலிண்டர்களைச் சோதித்து நிரப்பிக் கொடுப்பது அவர் வேலை. நானும் அவர்களோடு இருக்கும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கே வருகிறவர்களை அவர் ‘வா’ என்று கேட்டதே கிடையாது. முதலில் சிலிண்டரைப் பார்ப்பார், ஆளை அப்புறம்தான்.

பழைய சிலிண்டருக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தால், “பவுடர் பூசிக் கூட்டிட்டு வந்தா வயசு தெரியாதா?” என்பார். காற்றை ஒட்டத் தீர்த்து, வால்வை மூடாமல் கொண்டுவந்தவனுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். “காலியாத் திறந்து வச்சா உப்புத்தண்ணி உள்ள போய்க் குடும்பம் நடத்தும்.” வால்வை முரட்டுத்தனமாக இறுக்கியவனிடம், “ஏங்க, அது உங்க எதிரியோட கழுத்தா?” எது வாங்கலாம் என்று யோசனை கேட்டு ஒரு பெண் வந்தாள். “இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியம் காத்து தீரத் தீர மிதக்கப் பாக்கும். கழுவிக் காயவைக்கச் சோம்பேறித்தனம்னா ரெண்டையும் வாங்காதீங்க” என்றார். அவள் திரும்பி வரவே இல்லை.

இளைய மாப்பிள்ளை படகில் ஆட்களை ஏற்றிப்போய்க் கடலுக்கு அடியைக் காட்டுகிறவர். அவருடைய சிலிண்டர்கள் எல்லாம் இந்தக் கொட்டகையில்தான் நிரம்பும். அந்தச் சாக்கில் என் இளைய மகளும் அடிக்கடி வந்துபோவாள். சகலைகள் இருவரும் முறைத்துக்கொண்டே திரிந்தாலும், அவள் வரத்து நிற்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

நின்றது ஒரு சிலிண்டரால். இளையவர் தனக்கென்று வைத்திருந்த அலுமினிய சிலிண்டர் அது. மூத்தவர் வால்வைக் கழற்றி, விளக்கும் சின்னக் கண்ணாடியும் விட்டுக் கழுத்துக்குள் பார்த்தார். வால்வைத் திருகிப் பொருத்தும் மரைகளுக்குக் குறுக்கே தலைமுடி போல ஒரு கோடு.

“விரிசல் மாதிரி இருக்கு.”

“அது மரை வெட்டும்போதே விழுந்த தழும்பு. போன தடவ நீங்கதானே பாத்துக் குடுத்தீங்க?”

“போன தடவ என் கண்ணுல படல.”

“சகல, நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. நிரப்பிக் குடுங்க.”

“மாட்டேன்.”

“உங்ககிட்ட மட்டும்தான் கம்ப்ரசர் இருக்கா? வேற இடத்துல நிரப்பிக்கிறேன்.”

அந்த வார்த்தைதான் வினையாகப் போனது. வெடித்தால் போவது பக்கத்தில் நின்று நிரப்புகிறவன் உயிர். மூத்தவர் டிரில்லை எடுத்து சிலிண்டர் வயிற்றில் ஓட்டை போட்டுவிட்டார். இனி யார் நினைத்தாலும் அதில் காற்று நிற்காது. இளையவர் அதை ஓர் உதைவிட்டு உருட்டிவிட்டுப் போனார். அதோடு என் சின்ன மகளும் வரவில்லை. போன் செய்தால், “வேலையா இருக்கேம்மா.”

மூத்தவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

“மாப்பிள்ள, உள்ளதச் சொல்லுங்க. அது விரிசலா, தழும்பா?”

கையிலிருந்த ரப்பர் வளையத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். “தெரியல அத்தை.”

“தெரியாமலா ஓட்டை போட்டீங்க?”

“தெரியாததாலதான் போட்டேன்.”

“அத அவர்கிட்ட சொல்லுங்க.”

சோறு போடும்போதெல்லாம் இதையே சொன்னேன். என் நச்சரிப்பு தாங்காமல், மிச்ச சிலிண்டர்களை எடுத்துப்போக இளையவர் வந்த அன்று மூத்தவர் அதைச் சொல்லிவிட்டார். இளையவர் முகம் இன்னும் கறுத்தது.

“விரிசல்னு அடிச்சுச் சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். தெரியாமலே என் பொருளப் பாழாக்கினீங்களா?”

“ஆமா.”

அதற்கு மேல் ஒரு சமாதான வார்த்தை அந்த வாயிலிருந்து வருமா? வரவில்லை. இளையவர் ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்ற, இவர் கூடவே ஏறி ஒவ்வொரு வால்விலும் சோப்பு நுரையைத் தடவினார். ஒன்றில் குமிழி கிளம்பியது.

“வளையம் போயிருக்கு. இது வேண்டாம்.”

“உங்க வேலையப் பாருங்க.”

“இதான் என் வேல” என்று அதை இறக்கிக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினார். இளையவர் வாயில் வந்ததையெல்லாம் தெரு கேட்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வளையம் மாற்றிய சிலிண்டரை வாங்கிப்போக வந்தது என் சின்ன மகள். தெருவிலேயே நின்றாள்.

“உள்ள வாடி.”

“உங்க மாப்பிள்ள வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“எந்த மாப்பிள்ள?”

“ரெண்டு பேரும்தாம்மா.”

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.