ஸ்வர்ணலதா வாசித்த இரவு

மட்டாஞ்சேரியிலிருந்து காக்கநாடு கலெக்டரேட்டுக்குத் தினமும் போய் வருவதற்கே ஒரு ஜன்மம் வேண்டும். ஸ்வர்ணலதா முப்பத்தோரு வருஷம் போய் வந்தாள். எட்டு ஐந்துக்குப் படகு, எட்டு நாற்பதுக்கு பஸ், பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாற்காலி. கடிகாரம் நின்றாலும் நிற்கும், அவள் நிற்கமாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஐம்பத்திரண்டாவது வயதில் பியானோ கற்றுக்கொள்ளப் போனாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: “ஆசையாக்கும்.” சொல்லிக்கொடுத்த மாளவிகாவுக்கு வயது இருபத்தேழு. சிஷ்யைக்குக் குருவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வயது என்பதில் இருவருக்கும் கூச்சமில்லை.

கூச்சமெல்லாம் கணவர் வாஞ்சிநாதனுக்குத்தான். எர்ணாகுளத்தில் எந்த சபாவில் கச்சேரி நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிற மனிதர் அவர். சாம்பாரில் உப்பு விட்டுப்போனால் பொறுத்துக்கொள்வார். பாடகர் தாளம் விட்டால் வீடுவரைக்கும் திட்டிக்கொண்டு வருவார். நாற்பது வருஷத்தில் தன் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று அவருக்குப் பெருமை. மிருதங்கம்கூட இல்லாமல் இது என்ன சங்கீதம் என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் இரவைப் பற்றிய இசை ஒன்றை, நாக்டர்ன் என்பார்கள், அவள் வீட்டுக் கீபோர்டில் பழக ஆரம்பித்ததும் அவர் காது நிமிர்ந்தது.

“திஸ்ர நடையில ஆதி தாளமாக்கும் இது. நான் போடறேன், நீ வாசி.”

அன்றிலிருந்து தினமும் சாயாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் போட, அவள் வாசித்தாள். கல்யாணமான நாளிலிருந்து மனுஷர் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் வினையாக முடிந்தது.

“சேச்சி, இது ராத்திரி. ஆபீஸ் போற படகு இல்ல,” என்றாள் மாளவிகா. “இது சில எடத்துல நிக்கும், சில எடத்துல ஓடும். நீங்க எண்ணிக்கிட்டே போறீங்க.” மாளவிகாவின் மாணவர்கள் மேடையேறி வாசிக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வேண்டுமானால் வேறு எளிய உருப்படி தரட்டுமா என்று மெல்லக் கேட்டாள். ஸ்வர்ணலதாவுக்குச் சுருக்கென்றது. இதைத்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் தாளம் போட வேண்டாம் என்று கணவரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவான ஜூ டவுனில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில், மாலை ஆறரைக்கு நிகழ்ச்சி. பியானோவைச் சுற்றி நூறு மெழுகுவர்த்தி. சுடர் அணையுமென்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். கொச்சிப் புழுக்கத்தில் கூட்டம் முழுக்க அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தது. கடைசி உருப்படி ஸ்வர்ணலதாவுடையது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில், நாலடி தூரத்தில், வாஞ்சிநாதன். வலது கை தொடைமேல் தயாராக இருந்தது.

முதல் வரியிலேயே அவர் தொடையில் போடும் தட்டு கேட்டது. விரல்கள் பழகின மாடு மாதிரி அதன் பின்னால் போயின. ஒரு பக்கம் முழுவதும் அப்படியே போயிற்று. தப்பு ஒன்றும் இல்லை, இரவும் இல்லை. இதற்கா இரண்டு வருஷம் பாடுபட்டேன் என்று தன்மேலேயே கோபம் வந்தது. முப்பத்தோரு வருஷம் படகுக்கு ஓடியாயிற்று. இங்கே யார் வருகைப் பதிவேட்டை நீட்டப்போகிறார்கள்?

அடுத்த வரியின் உச்சியில் ஒரு ஸ்வரம். அதன்மேல் விரலை வைத்தாள், எடுக்கவில்லை. தட்ட எழுந்த கை அந்தரத்தில் நின்றது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடைக்கண்ணால் அதைப் பார்த்தாள். நிற்கட்டும் என்று விட்டாள். அந்த ஒலி மெலிந்து தேய்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். அப்புறம் நினைத்த இடத்தில் நின்றாள், நினைத்த இடத்தில் ஓடினாள். அந்தக் கை தொடையைத் தட்டாமல் மெல்ல மடியில் அமர்ந்தது. அழைப்பிதழ்களும் விசிறுவதை நிறுத்தியிருந்தன.

முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மாளவிகா அழுதுகொண்டே சிரித்தாள். ஸ்வர்ணலதாவுக்கு மகிழ்ச்சியில் கால் தரையில் பாவவில்லை.

வாஞ்சிநாதன் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். அவள் பக்கத்தில் போனாள்.

“ஏன்னா, பிடிக்கல்லையா?”

அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

“லதா, நேக்குத் தாளம் விட்டுப்போச்சுடீ.”

“போகட்டும்னா. எழுந்து கை தட்டுங்கோ.”

எழுந்தார். எல்லாரும் நிறுத்தின பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.