ஆசிட் தொட்டியின் மேல்தோல்

என் கணவருக்கு முன்பற்கள் கரைந்துகொண்டு வருகின்றன. ஓசூர்த் தொழிற்பேட்டையில், முலாம் பூசும் ஒரு சின்னக் கம்பெனியில், ஆசிட் தொட்டிப் பக்கம் அவருக்கு வேலை. துருப்பிடித்த இரும்புச் சாமான்களைக் கொக்கியில் மாட்டி, துரு போக ஆசிட்டில் முக்கி எடுக்க வேண்டும். அதிலிருந்து எழும் புகை முதலில் தொண்டையைப் பிடித்தது, பிறகு பல்லுக்கு வந்தது. பச்சைத் தண்ணீர் குடித்தால்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறார். நான் தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவள்.

எம்.எஸ்ஸி.யில் நான் ஆசை ஆசையாகப் படித்ததே தண்ணீரின் மேற்பரப்பைப் பற்றித்தான். உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் நாலாபக்கமும் கைகோத்து நிற்கும். மேல்வரிசையில் இருப்பவற்றில் பலவற்றுக்கு ஒரு கை காற்றில் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். ஆசிட்டைக் கலந்தால் அதன் ஹைட்ரஜன் அயனிகள் மேலேறி வந்து அந்த வரிசைக்குள் இடம்பிடித்து, அவை நிற்கும் நிலையையே மாற்றிவிடும். காரம் அப்படியல்ல, பெரும்பாலும் கொஞ்சம் கீழேயே தங்கிவிடும் என்பார்கள். அதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

தொட்டியில் இரும்பிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்து வெடிக்கின்றன. அப்போது கிழிந்து தெறிப்பது அந்த மேல்வரிசைத் தோல்தான். நான் புத்தகத்தில் படித்ததை அவர் மூச்சில் இழுக்கிறார். இதைத் தெரிந்து வைத்திருந்து என்ன புண்ணியம்?

அவருக்கும் கண் இருக்கிறது. பக்கத்தில் சோடாத் தொட்டி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதற்குக் காஸ்டிக் சோடா என்ற காரம் கரைத்தது. அதன்மேல் எப்போதும் நுரை மெத்தை போட்டதுபோல் கிடக்கும், அங்கே நிற்கிறவர்கள் இருமுவதில்லை. நுரைதான் புகையை அமுக்குகிறது என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் வீட்டிலிருந்து துணி துவைக்கிற சோப்புக் கட்டியை எடுத்துப் போய், சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, சீவி ஆசிட்டில் போட்டிருக்கிறார்.

சோப்புக்குக் காரம்தான் ஒத்துவரும். ஆசிட் பட்டால் கொழுப்பாகப் பிரிந்துவிடும். நுரை வரவில்லை, திரிந்த பால் போல வெள்ளைக் கட்டிகள் மிதந்தன. முக்கி எடுத்த சாமான் அத்தனையிலும் கொழுப்பு ஒட்டி, நிக்கல் முலாம் பிடிக்காமல் உரிந்து வந்தது. லோடு முழுக்க வீண். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"நீதான் படிச்சவளாச்சே, சொல்லு. அங்க நுரைக்குது, இங்க ஏன் நுரைக்கல?"

சொன்னேன். கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்க்கப் போனேன். கன்னடம் கலந்த தமிழில் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். புகை எப்படி எழுகிறது, பல்லை எப்படி அரிக்கிறது, உறிஞ்சும் ஃபேன் ஏன் வேண்டும், ஆசிட்டில் தாங்கும் நுரை மருந்து தனியாகவே விற்கிறது என்றெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வகுப்பில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. ஃபேனுக்குக் கொட்டேஷன் வாங்கியாகிவிட்டது, ஓனர் மனசு வைக்க வேண்டும் என்றார். அவரைத் திரும்ப எடுத்து, சோடாப் பக்கமாவது மாற்றக்கூடாதா என்று கேட்டேன்.

"அங்க ஆளு ஃபுல்லு மேடம். ஆசிட் பக்கந்தான் யாரும் நிக்க மாட்டேங்கறாங்க. நீங்க இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, உங்களுக்காகத் திரும்ப எடுத்துக்கறேன். நாளைக்கே அதே தொட்டிக்கு வரச் சொல்லுங்க."

வீட்டு வாடகையும் என் கணவருடைய முகமும் கண்முன் வந்து நின்றன. எழுந்து, கை கூப்பி, ரொம்ப நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.