குதிரை கிளம்புவதற்கு முன்

நாயகன் குதிரைமேல் ஏறியதும் மீரா சாகிப் டி.வி.யை அணைத்துவிடுவார்.

“பாய், இன்னும் அஞ்சு நிமிஷம் படம் இருக்கே!” என்று கத்துவார் அமிர்தலிங்கம். நடவு வயலிலிருந்து சேறு காயாத காலோடு படம் பார்க்க வருபவர்.

“அவன் ஊரை விட்டுப் போயிடுவான் அமிர்தம். அதை என்னத்தைப் பாக்கறது?”

கூத்தாநல்லூரில் வீடியோ கேசட் கடை வைத்திருக்கும் மீரா சாகிபுக்கு வயது ஐம்பது. குவைத்தில் பதினான்கு ஆண்டு லாரி ஓட்டி, தொண்ணூறில் சண்டை மூண்டதும் ஊர் திரும்பியவர். கடையில் எத்தனையோ படங்கள் இருந்தாலும், தனக்கென்று அவர் போட்டுப் பார்ப்பது பழைய இங்கிலீஷ் கௌபாய் படங்களைத்தான். ‘தொப்பிப் படம்’ என்பார். யாராவது துப்பாக்கியை உருவினால் ரிமோட்டால் ஓட்டிவிடுவார். ஊர் ஊராகத் திரியும் முரடன் ஒருவன் விதவை வீட்டு வேலியைச் சரிசெய்து கொடுப்பான். அவள் சாப்பிடக் கூப்பிட்டால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஜைமுன் விழிப்பான். அந்த இடம் வந்தால் போதும், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

“சுடுறது யாருக்கும் வரும். சோத்துக்கு முன்னால கூச்சப்படுறான் பாருங்க, அதுதான் கஷ்டம்.”

அந்தக் கஷ்டம் அவருக்குத் தெரியும். ஊர் திரும்பிய புதிதில், சொந்த அடுப்படியில் டம்ளர் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நின்றவர் அவர்.

போன மாதம் பழைய அரபி முதலாளி மறுபடி விசா அனுப்பினார். “போறதுன்னா போங்க மச்சான். எனக்குப் பழக்கம்தானே,” என்றாள் மனைவி ஆசியா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பாஸ்போர்ட்டை வாங்கிப்போக ஏஜென்ட் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மீரா சாகிப் உள்ளே போய் பீரோவைத் திறந்தார். ஜன்னலோரம் ஆசியா, நூலை நாக்கில் நனைத்து நனைத்து ஊசிக்குள் நுழைக்கப் பார்த்தாள். நூல் மூன்று முறை தவறியது.

“கண்ணு எப்பலேர்ந்து இப்படி?”

“ஆச்சு, ரெண்டு வருஷம்.”

இரண்டு வருஷமாக அவரும் இதே வீட்டில்தான் இருக்கிறார். ஊசியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துக் கோத்துக் கொடுத்தார்.

“அப்படியே இன்னும் நாலு கோத்து வெச்சிட்டுப் போங்க. நீங்க போனப்புறம் நான் யாரைத் தேடுறது?”

கூடத்தில் ஏஜென்ட் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கு வேணும்னா நாளைக்குக் கோத்துத் தர்றேன்” என்ற மீரா சாகிப், அவள் பக்கத்தில் தாளில் குத்தி வைத்திருந்த மிச்ச ஊசிகளை அப்படியே மடித்து, பீரோவுக்குள் பாஸ்போர்ட்டின் மேலேயே வைத்துப் பூட்டினார்.