உயிரோடிருந்தவருக்கு ஒரு சாவு மேளம்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அப்போது நாற்பத்து மூன்று பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், ஒரே வாத்தியார். அந்த வாத்தியார் நான். நோர்வூட்டில் தோட்டப் பள்ளிகளுக்கிடையே ஆட்டப் போட்டி நடக்கப்போவதாகத் தெரிந்ததும், பன்னிரண்டு பிள்ளைகளைப் பொறுக்கி ஒயிலாட்டம் பழக்கத் தொடங்கினேன். பாட்டு எனக்குத் தெரியும். அடவும் ஓரளவு தெரியும். தப்புப் பறை அடிக்கத்தான் தெரியாது. தப்பு இல்லாத ஒயில் வெறும் தேகாப்பியாசம்.

தப்பைத் தொடப் பையன்களை எந்த வீட்டிலும் விடவில்லை. "எங்க புள்ள சாவு வீட்டுல நிக்கவா சார் படிக்குது?" என்று ஒரு தாய் வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போனார். எஞ்சியவள் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளை. அவளுடைய அப்பாதான் தோட்டத்துத் தப்புக்காரர். விடியுமுன், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்களை எழுப்ப அடிப்பவர், திருவிழாவுக்கு அடிப்பவர், சாவுக்கு அடிப்பவர் எல்லாம் அவரே. பொம்பளைப் பிள்ளை தப்படிக்கவா என்று லயத்து வீடுகளில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பழைய தப்பு ஒன்றையும் இரண்டு குச்சிகளையும் கொடுத்தனுப்பினார்.

போட்டி நெருங்கும் சமயத்தில் அவர் நெஞ்சில் சளி கட்டி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். பிள்ளை மட்டும் தவறாமல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள்.

அன்று பனியில் தப்பின் தோல் தொய்ந்திருந்தது. காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்திக் காய்ச்சினோம். ஆட்டம் நன்றாக அமைந்தது. ஒரு கால்கூடப் பிந்தவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்தால் எதையாவது எண்ணத் தோன்றும்.

"உனக்கு மொத்தம் எத்தனை அடி தெரியும்?" என்று அவளிடம் கேட்டேன்.

விரல் விட்டுச் சொன்னாள். நான்கு வந்தது. ஐந்தாவது விரலை மடக்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்குங்க சார். அத சும்மா அடிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லும்."

"இது பள்ளிக்கூடம்தானே. அடி, கேட்போம்."

அடித்தாள். சாவு மேளம். ஒரு பையன் பாடைக்கு முன்னால் ஆடுகிறவனைப் போலக் கையை உயர்த்தி ஆட, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கு மேலே இருந்த மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூச்சல் கேட்டு வெளியே வந்தேன். செடிகளுக்கு நடுவே இறங்கி ஓடி வந்தார்கள், இருபது பேருக்குக் குறையாது. முன்னால் அந்தப் பிள்ளையின் தாய். கூடை எங்கோ விழுந்து, கயிறு மட்டும் தோளில் தொங்கியது.

"அவரு படுத்துக் கெடக்கையில வேற எவனோ தப்பெடுத்துட்டானே! அவருக்குத்தான் அடிக்கிறாங்க, என்னப் பெத்தவளே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோர் சாவுக்கும் அடிக்கிறவர் படுத்திருக்கும்போது தோட்டத்தில் சாவு மேளம் கேட்டால், அது அவருக்காகத்தான் இருக்க முடியும்.

"ஒண்ணுமில்லம்மா! பிள்ளைங்கதான் அடிச்சது!" என்று கத்தினேன். தாயின் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரிப் பாதையில் ஓடிவிட்டார்.

மற்றவர்கள் பள்ளி வாசலில் நின்று, தோளில் தப்போடு இருந்தவளைப் பார்த்தார்கள்.

"அடிப் பாவி மவளே! பெத்த அப்பன் உசுரோட இருக்கையிலேயே மேளம் அடிச்சிட்டியே!"

"அவளைத் திட்டாதீங்க. நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"நீங்க சொல்லுவீங்க சார். அடிச்சது அவ கையில்ல?"

பின்னாலேயே, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்தார். யாரைக் கேட்டு மலையை விட்டு இறங்கினீர்கள் என்று பெண்களிடம் பாய்ந்தார். பிழை என்னுடையது என்றேன். "ஒங்க பேரு எங்கிட்ட இல்லியே சார், வெட்டுறதுக்கு" என்று சிரித்துவிட்டு, அத்தனை பெண்களுக்கும் அரைப் பேர் போட்டார்; அன்று அரைநாள் கூலிதான். எனக்கு ஒன்றும் குறையவில்லை.

தாய் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியில் புருஷன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். பிள்ளையின் தோளிலிருந்து தப்பைக் கழற்றி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "வேணாங்க சார்" என்றார், அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு பிள்ளை பள்ளிக்கு வந்தாள், தப்பின் பக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அப்பாவின் கட்டிலுக்கு அருகே போகாமல் வாசலிலேயே நிற்கிறாளாம். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் தன் கையால்தான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. காலையில் ஆஸ்பத்திரி வழியாகச் சுற்றி வரத் தொடங்கினேன். உள்ளே இருமல் கேட்டால், அது நின்று அவர் மூச்சு விடும்வரை சன்னலுக்கு வெளியே நிற்பேன்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் நேராகப் பள்ளிக்கு வந்தார். கோட்டு அவர்மேல் தொளதொளத்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்கய்யா, எனக்கு மேளமெல்லாம் அடிச்சீங்களாமே! காது குளுரக் கேக்கக் குடுத்து வைக்கலியே!"

பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. அவர் மகளைப் பார்த்தார்.

"எடு ஆத்தா. ஒயில அடி. அப்பன் நிக்கிறனா விழுறனான்னு பாத்துக்கிட்டே அடி."

அவள் என்னைப் பார்த்தாள். அடி என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே தப்பை எடுத்து அவள் தோளில் மாட்டினார்.

ஒரு அடி அடித்தாள். தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு அடி. மறுபடி பார்த்தாள். அவர் இருமினார், குச்சி அந்தரத்தில் நின்றது. ஆடிய பிள்ளைகள் முதலில் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். பிறகு அவள் நிமிரும்போது காலைத் தூக்கியபடி காத்திருந்து, அவள் அடித்த பிறகே கீழே வைத்தார்கள். அதை நான் பழக்கவில்லை.

நோர்வூட்டிலும் அப்படித்தான் ஆடினார்கள். நாற்காலி கொடுத்தும் உட்காராமல், அவள் கண்ணில் படும்படி மேடைக்கு முன்னால் அவர் நின்றார். இருமல் வந்தபோதெல்லாம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். கண்களில் நீர் முட்டியது. ஆட்டம் முடியும்வரை நான் மேடைப் பக்கம் திரும்பவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.